சன்னல் விளிம்பில் லாக்லனின் கல்

லாக்லன் மாமா வீட்டை விட்டுக் கிளம்பியது அக்டோபர் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை. முந்தைய நாள் முழுக்கப் பெய்த மழை விடியலில் நின்றிருந்தது. சரிவில் ஆண்மான்கள் உறுமிக்கொண்டிருந்தன. மாமா வாசலில் இருந்த பழைய அலுமினியப் பாத்திரத்துக்குள் கைவிட்டு, ஒரு வெள்ளைக் கூழாங்கல்லை எடுத்து, சமையலறைச் சன்னலின் வெளி விளிம்பில், காற்றுக்கு உருண்டுவிடாதபடி மூலையோடு ஒட்டி வைத்தார். உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்த மர்டீனா அத்தை கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அவர் கையை உயர்த்தினார். அவள் கோப்பையை உயர்த்தினாள். பிறகு பள்ளி வேனை ஓட்ட நேரமாகிவிட்டதென்று எழுந்துகொண்டாள்.

அந்தக் கல் அதே மூலையில் பதினோரு வருஷம் இருந்தது.

எங்கள் பள்ளத்தாக்கில் தார்ச்சாலை அத்தை வீட்டோடு முடிகிறது. அதற்கப்பால் ஓர் இரும்புக் கதவு, சதுப்பு, பிறகு பென் லியா மலை. கைபேசியில் சிக்னல் கிடையாது. அதனால் மலைக்குப் போகிறவர்கள் அத்தையின் சன்னலைத் தட்டிச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். ஆளுக்கு ஒரு கல் எடுத்து விளிம்பில் வைக்க வேண்டும். திரும்பி வந்ததும் கல்லைப் பாத்திரத்தில் போட வேண்டும். பாத்திரத்தில் கல் விழும் சத்தம் கேட்டால், எந்த வேலையாக இருந்தாலும் அத்தை ஒரு நொடி தலையை நிமிர்த்துவாள். இந்தப் பக்கம் திரும்பாமல் மலையின் மறுபக்கம் ரயில் நிலையத்துக்கு இறங்குகிறவர்கள், அங்கிருந்து போன் பண்ணி ‘கீழே வந்துட்டோம், கல்லை எடுத்துடுங்க’ என்று சொன்னால் போதும். வேனில் இருக்கும் நேரத்துக்காக அத்தை, கூப்பிடுகிறவர்கள் பேசுவதைப் பதிந்துகொள்ளும் பதிவுக்கருவி ஒன்றை வீட்டுப் போனோடு இணைத்து வைத்திருந்தாள். இருட்டியும் கல் இருந்தால் என் அப்பாவைக் கூப்பிடுவாள். அப்பா டூகல், அத்தையின் தம்பி. ஊருக்குத் தபால்காரர், மலை மீட்புக் குழுவுக்குத் தலைவர்.

எல்லோரிடமும் அத்தை மூன்று கேள்வி கேட்பாள். எந்த வழியாக ஏறுகிறாய், எந்த வழியாக இறங்குகிறாய், உச்சியை எட்டாவிட்டாலும் எத்தனை மணிக்குத் திரும்பி நடப்பாய். மூன்றாவது கேள்விக்குத்தான் யாரிடமும் பதில் இருக்காது. கிளாஸ்கோவிலிருந்து புத்தம்புது பூட்ஸோடு வந்த ஒருவன், ரெண்டு மணிக்கெல்லாம் உச்சியில் இருப்போம் என்றான். இல்லாவிட்டால் என்றாள். இருப்போம் என்றான்.

“நீ கிளாஸ்கோவுலேர்ந்து கிளம்பிட்டேன்னு மலைக்குச் சொல்லிட்டியா? டார்ச் எங்கே?”

“போன்லயே இருக்கு.”

“அந்த போன்ல கஞ்சியும் வருமா தம்பி?”

அவன் கூட வந்த பெண் சிரித்துவிட்டாள். அத்தை உள்ளே போய் ஒரு டார்ச்சைக் கொண்டுவந்து அவன் கையில் திணித்தாள். அந்த டார்ச் திரும்பி வந்ததா என்று எனக்கு நினைவில்லை. கல் பாத்திரத்துக்குத் திரும்பியது. அத்தைக்கு அது போதும்.

எங்கள் மலையில் விழுந்தவர்களைவிட, மறுபக்கம் பத்திரமாக இறங்கிவிட்டுச் சொல்ல மறந்தவர்களால்தான் அப்பாவின் தூக்கம் அதிகம் கெட்டது. எடின்பரோவிலிருந்து வந்த இரண்டு பல் மருத்துவர்களுக்காகக் குழு முழுவதும் மழையில் முகடு முகடாகத் தேடியது. அவர்கள் ரயில் நிலையத்துக்கு எதிரே மதுக்கடையில் மீன் வறுவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா சொட்டச் சொட்ட உள்ளே போனார். அவர்கள் தட்டிலிருந்து ஓர் உருளைக்கிழங்குத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, “உங்களைத்தான் தேடிட்டிருந்தோம். சாப்பிடுங்க, ஆறிடும்” என்றாராம்.

லாக்லன் மாமா இந்த ஊர்க்காரர் இல்லை. கிழக்குக் கரையிலிருந்து வந்தவர். கடல்கழியில் சால்மன் மீன் பண்ணையில் வேலை. சீட்டியடிப்பார், பேச மாட்டார். சண்டை போட்டோ குடித்தோ யாரும் பார்த்ததில்லை. அத்தை ஆடு மேய்ப்பவரின் மகள். பத்து வயதுக்குள் பென் லியாவின் எல்லா முகத்தையும் தெரிந்துகொண்டவள். கல்யாணமான புதிதில் மாமாவை ஞாயிறுதோறும் மேலே கூப்பிட்டாள். அவருக்கு முட்டி வலித்தது, வானம் சரியில்லை, வலை தைக்க வேண்டியிருந்தது. ஒரு கட்டத்தில் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். குழந்தைகள் இல்லை. நான் அங்கே போகும்போதெல்லாம் வானொலியில் வானிலை அறிக்கை ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அப்படிப்பட்டவர் அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் ஆட்டிறைச்சிக் குழம்பில் ரொட்டியைத் தொட்டுக்கொண்டே, நாளைக்கு எனக்கு லீவு, பென் லியா போகலாம்னு இருக்கேன் என்றார்.

இதை அத்தை எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ஒரே வார்த்தைகளில். தட்டுகளை அப்படியே ஒதுக்கிவிட்டு வரைபடத்தை விரித்தாளாம். சுருண்ட மூலைகளில் உப்புக் குப்பியையும் வெண்ணெய்க் கிண்ணத்தையும் வைத்தாளாம். மாமா எதிரே உட்காராமல் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அதைச் சொல்லும்போது மட்டும் அத்தை தன் இடது தோளைத் தொட்டுக்கொள்வாள்.

நானும் வரேன், சனிக்கிழமை போகலாமா என்று கேட்டாள். சனிக்கிழமை காற்று பலமாக இருக்கும் என்று வானொலியில் சொன்னார்களே என்றார். அது உண்மைதான். சரியென்று அவருக்கு வழி சொல்லத் தொடங்கினாள். ஓடை பெருகியிருக்கும், பாலத்தைத் தாண்டியே போ. கிழக்கு முகட்டில் ஏறு. பத்து மணிக்கு மேல் மேற்கிலிருந்து மேகம் இறங்கும், அதற்குள் கணவாயைத் தாண்டிவிடு. மதியத்துக்கு எங்கே நிற்கிறாயோ அங்கேயிருந்து திரும்பிவிடு. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பென்சிலை எடுத்து அவள் சொன்ன இடங்களைத் தொட்டுக்கொண்டே வந்தார்.

கணவாய்க்கு வந்ததும் பென்சில் நின்றது.

“மேகம் மூடிக்கிச்சுன்னு வெச்சுக்கோ. திரும்பி வர வழி தெரியல. மறுபக்கமா இறங்க முடியுமா?”

“இறங்கலாம். அங்கே ஒரு ஓடை ஆரம்பிக்கும். அதை விடாதே. இடது கரையிலேயே வா. வலது கரைக்குப் போனா பெரிய பள்ளம், அங்கதான் ஆளுங்க விழறது. இடது கரையிலேயே வந்தா நேரா ஸ்டேஷன்லதான் கொண்டு விடும்.”

“இடது கரை.”

“ஆனா அந்தப் பக்கம் எதுக்கு? நீ இங்க வா. சூப் வெச்சிருப்பேன்.”

இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை கேட்டார். எடுத்துக்கொடுத்தாள். ஓட்ஸ் ரொட்டியில் பாலாடைக்கட்டி வைத்துக் காகிதத்தில் மடித்தாள். கடைசியில் அவருடைய தொப்பியின் பிய்ந்த ஓரத்தையும் தைத்துக் கொடுத்தாள். கட்டின மனுஷன் அவளுடைய மலையைப் பார்க்கப் போகிறான் என்ற சந்தோஷம் அவளுக்கு.

மறுநாள் இருட்டியது. சூப் ஆறியது. கல் இருந்தது.

அப்பா வந்தபோது சிரித்துக்கொண்டேதான் வந்தார். மறுபக்கம் இறங்கி மதுக்கடையில் உட்கார்ந்து போன் பண்ண மறந்திருப்பார், பல் டாக்டர் கூட்டத்தில் சேர்ந்துட்டார் உன் புருஷன் என்றார். மதுக்கடைக்குப் போன் பண்ணினார்கள். அவர் அங்கே இல்லை. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஹெலிகாப்டர் வந்தது. நாய்கள் வந்தன. மீன் பண்ணைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். யாரும் கேட்காமலே பக்கத்துப் பள்ளத்தாக்குகளிலிருந்து ஆட்கள் வந்து வரிசையாகச் சரிவை மிதித்துத் தேடினார்கள். அத்தை சன்னலுக்குப் பின்னால் நின்று எல்லோருக்கும் சூப் ஊற்றினாள். எங்கே தேடுவது என்று கேட்டவர்களுக்கெல்லாம், வலது கரைப் பள்ளத்தைப் பாருங்கள் என்றாள். அங்கேதான் தேடினார்கள். நனைந்த பாறையில் அப்பாவின் கால் வழுக்கியது அந்தப் பள்ளத்தில்தான். அவர் முட்டிக்குள் இப்போது உலோகத் தகடு இருக்கிறது. அதோடு அவருடைய மலையும் முடிந்தது, தபால் நடையும் முடிந்தது; முத்திரை குத்தும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்.

போலீஸ் ரயில் நிலையத்தில் விசாரித்தது. முதுகுப்பையோடு ஓர் ஆள் ஏறிய மாதிரி ஞாபகம் என்றார் ரயில் கார்டு. அக்டோபரில் அந்த ரயிலில் ஏறுகிற எல்லோர் முதுகிலும் பை இருக்கும்.

அதற்கடுத்த புத்தாண்டு அன்று எங்கள் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். அத்தை கறுப்பு கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். அப்பா கொஞ்சம் விஸ்கி குடித்திருந்தார். முட்டியைத் தடவிக்கொண்டே இருந்தவர், யாரும் எதுவும் கேட்காதபோது பேசினார்.

“மர்டீனா, அவன் மலையில இல்ல.”

“அங்க இல்லைன்னா?”

“ஒரு நூல் கிடைக்கல. ஒரு காலுறை கிடைக்கல. நாய்க்குக் கூட வாசனை கிடைக்கல. அவன் ரயில் ஏறிப் போயிட்டான்.”

அத்தை கத்தியைக் கீழே வைத்தாள். துண்டுகளைச் சரியாகத் தட்டில் அடுக்கி முடித்தாள். கோட்டை மாட்டிக்கொண்டாள்.

“அவர் அங்க கிடக்கிறார்னா வீட்டுக்குத் திரும்பி வந்துட்டிருந்தார்னு அர்த்தம். நீ அவரை ரயில்ல ஏத்தாதே டூகல்.”

அடுத்த குளிர்காலம் வரை அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. மலையில் யாராவது திரும்பாவிட்டால் மட்டும் அத்தை போன் பண்ணுவாள். எந்த வழி, என்ன நிறச் சட்டை, எத்தனை மணிக்குத் திரும்புவதாகச் சொன்னான். அப்பா அதைக் கேட்டுக்கொண்டு குழுவை அனுப்புவார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் அந்த ஒரு வருஷமும் தொலைந்துபோன அந்நியர்களைப் பற்றி மட்டும் பேசினார்கள். பிறகு ஒரு பனிநாளில் அத்தை ஒரு சட்டி சூப்போடு வந்து நின்றாள். அப்பா கதவைத் திறந்துவிட்டார். மாமா பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

ஏழு வருஷம் கழிந்தால் நீதிமன்றத்தில் கேட்டு இறந்ததாக அறிவிக்கலாம் என்று ஊரில் பலர் சொன்னார்கள். அத்தை அசையவில்லை. கல் விளிம்பில் இருக்கும்போது எப்படி அறிவிப்பது என்றாள். ஒரு புயலில் அது கீழே விழுந்தது. விடிந்ததும் முழங்காலளவுப் பனியில் மண்டியிட்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, துழாவித் துழாவி எடுத்தாள். அதே கல்தானா என்று நான் கேட்கவில்லை. அதில் ஒரு சாம்பல் கோடு உண்டு என்று அவளாகவே சொன்னாள். அவள் மலைக்குப் போவதையும் நிறுத்தியிருந்தாள். ஊர் முழுவதற்கும் வழி சொன்னாள். இரும்புக் கதவைத் தாண்டி ஒரு காலடி வைக்கவில்லை.

இடையில் நான் ஊரை விட்டுப் போனேன். கப்பல் சமையலறை, நியூசிலாந்துப் பழத்தோட்டங்கள், சிலியின் தெற்கு முனையில் ஒரு விடுதி. எங்கிருந்து போன் பண்ணினாலும் அத்தை கேட்பது ஒன்றுதான்: “எப்போ திரும்பறே?” அதற்கு எனக்கும் பதில் தெரிந்ததில்லை. ஒரு வசந்தத்தில் பையோடு வந்து இறங்கினேன். அப்பா வீட்டில் ஒரு வாரம்கூட இருப்புக்கொள்ளவில்லை. அத்தையின் பின்னறைக்குப் போய்விட்டேன்.

ஜூன் மாதத்தில், நான் காலைக் கஞ்சியில் உப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது, அத்தை முகம் திருப்பாமல் சொன்னாள்.

“ஊனா, என்னை மேல கூட்டிட்டுப் போறியா?”

அன்று சாயங்காலம் வரைபடத்தை விரித்தோம். மடிப்புகளில் கிழிந்திருந்தது. உப்புக் குப்பியும் வெண்ணெய்க் கிண்ணமும் அதே மூலைகளுக்குப் போயின. அவள் எதிரே உட்கார்ந்தாள். நான் அவளிடம் மூன்று கேள்வியையும் கேட்டேன். கிழக்கு முகடு, கிழக்கு முகடு, என்று முதல் இரண்டுக்கும் பதில் சொன்னாள். மூன்றாவதுக்கு யோசித்தாள்.

“எட்டாட்டியும் திரும்பணுமா?”

“நீங்க சொன்ன சட்டம்தான் அத்தை.”

“நான் சொன்னதெல்லாம் மத்தவங்களுக்குடி.”

சன்னலைக் காக்க அப்பா வந்தார். நொண்டிக் காலை ஒரு முக்காலியில் நீட்டிக்கொண்டு அத்தையின் நாற்காலியில் உட்கார்ந்தார். வருகிறவர்களை என்னால் உன் மாதிரித் திட்ட முடியாது, அதற்குக் கொஞ்சம் பயிற்சி வேண்டும் என்றார். அத்தை இரண்டு கற்களை எடுத்து விளிம்பில் வைத்தாள், எனக்கொன்று, அவளுக்கொன்று. பிறகு மூலையிலிருந்த மாமாவின் கல்லை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். அப்பா பார்த்தார். “காத்து தெக்குலேர்ந்துதான், போங்க” என்றார்.

அத்தைக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஆனாலும் சதுப்பில் எந்தத் திட்டில் கால் வைப்பது என்று யோசிக்காமல் போனாள். நான்தான் பின்னால் இழுத்து இழுத்து மூச்சு விட்டேன். கணவாய் வந்தது. மேகமே இல்லை. மறுபக்கம் முழுவதும் திறந்து கிடந்தது. ஓடை கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அதன் இடது கரையில் ஒரு பாதை. ஆடுகளும் மான்களும் மிதித்துப் பழகிய பாதை. குழந்தைகூட இறங்கலாம். அதன் முடிவில் ரயில் நிலையத்தின் கூரையும், வெயிலில் மின்னும் தண்டவாளமும் தெரிந்தன. நாங்கள் நிற்கும்போதே இரண்டு பெட்டி ரயில் ஒன்று வந்து நின்று, யாரையோ ஏற்றிக்கொண்டு போனது.

நான் அத்தையின் முகத்தைப் பார்க்காமல் இருக்க பிளாஸ்க்கைத் திறந்தேன்.

“நல்ல பாதை” என்றாள்.

“ஆமா அத்தை.”

“நான்தான் காட்டிக் கொடுத்தேன்.”

வலது பக்கப் பள்ளத்தை அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. டீயை வாங்கிக் குடித்தாள். கோப்பையின் அடியிலிருந்ததை ஹெதர் புதரில் ஊற்றினாள். திரும்பிவிடலாமா என்று கேட்டேன். இல்லை என்று முகட்டில் ஏறினாள். உச்சியில் ஏறினவர்களெல்லாம் ஆளுக்கொன்றாக வைத்துச் சேர்ந்த கற்குவியல் இருக்கிறது. பையிலிருந்து கல்லை எடுத்து, கையில் சூடேறும் வரை பிடித்திருந்தாள். குவியலின் மேலே வைக்கவில்லை. இரண்டு கற்களுக்கு நடுவே ஆழமாக, கை முழங்கை வரை போகும்படி, உள்ளே விட்டாள்.

“இங்கயே இருக்கட்டும் மனுஷன்” என்றாள். அது எனக்குச் சொன்னதில்லை.

கீழே வந்து எங்கள் இரண்டு கற்களையும் பாத்திரத்தில் போட்டோம். விளிம்பு காலியாக இருந்தது. அப்பா எழுந்து நின்று, முட்டி வலியோடு, அக்காவைக் கட்டிக்கொண்டார்.

இலையுதிர்காலத்தில் அத்தை வழக்கறிஞரைப் பார்க்கப் போனாள். நீதிமன்றம் தன் வேகத்தில் வேலை செய்தது. புத்தாண்டு முடிந்து, லாக்லன் மாமா இறந்துவிட்டார் என்று காகிதத்தில் வந்தது. மாவட்ட வாரப் பத்திரிகையில் அத்தை அறிவிப்புக் கொடுத்தாள். பென் லியாவில், வீடு திரும்பும் வழியில், என்று போடச் சொன்னாள். தேவாலயத்தில் சவப்பெட்டியில்லாத பிரார்த்தனை நடந்தது. மீன் பண்ணைக்காரர்கள் வந்தார்கள். அன்று தேடிய பலர், நரைத்த தலையோடு வந்தார்கள். அப்பா முதல் வரிசையில் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தை அவளுக்காகப் பிடித்துக்கொண்டார். பிறகு எல்லோரும் வீட்டில் சூப்பும் விஸ்கியும் குடித்தார்கள். மாமா சீட்டியடித்த மெட்டு எது என்று ஒரு சண்டை வந்தது. அத்தை தானே சீட்டியடித்துக் காட்டி முடித்து வைத்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் வெகுகாலமாகப் பார்த்ததில்லை.

அதன் பிறகு கறுப்புத் துணி உடுத்தினாள். விதவை என்று சொல்லிக்கொள்வதில் அவளுக்கு ஒரு நிமிர்வு இருந்தது. சாயங்காலங்களில் சன்னலை விட்டு எழுந்து வந்து என்னோடு சீட்டாடினாள், ஏமாற்றினாள், நான் கண்டுபிடித்தபோது மறுத்தாள்.

மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, கடைக்குப் போய்விட்டு வேனில் திரும்பி வந்தோம். பதிவுக்கருவியின் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. விளிம்பில் இரண்டு கற்கள் இருந்தன. காலையில் போன கல்லூரிப் பெண்கள் மறுபக்கம் இறங்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அவங்கதான், போட்டுக் கேளு, நான் கல்லை எடுக்கறேன் என்று அத்தை கோட்டைக்கூடக் கழற்றாமல் சன்னலைத் திறந்தாள். நான் பொத்தானை அழுத்தினேன்.

முதலில் அந்தப் பெண்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கீழே வந்துட்டோம், டார்ச்சுக்கு நன்றி. அத்தை அவர்கள் கற்களைக் கைக்குள் எடுத்துக்கொண்டாள்.

பிறகு இன்னொரு பதிவு. எங்கோ ஒரு துறைமுகத்துக் கடற்பறவைகளின் சத்தம்.

“மர்டீனா. லாக்லன் பேசறேன். பேப்பர்ல பேரைப் பார்த்தேன். நீ சொன்ன மாதிரியேதான் வந்தேன். ஓடையை விடல. இடது கரையிலேயே இறங்கினேன். கீழே வந்துட்டேன். கல்லை எடுத்துடு.”